பிறை இரண்டு, வரிசை ஒன்று

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள் ஒரு புதுமையைக் கவனித்திருக்கலாம். வளவனூர் தமிழ்நாடு. அதைத் தாண்டி மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி. திருபுவனையும் எங்கள் திருவாண்டார்கோயிலும் புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் மீண்டும் தமிழ்நாடு. அதற்கடுத்த அரியூரும் வில்லியனூரும் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் முற்காலத்தில் வகுத்துக் கொண்ட எல்லைகள் இவை. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறிய பின்னும் அந்தக் கோடுகள் அப்படியே நிலைத்துவிட்டன.

ஆனால், அந்தக் கோடுகள் எங்கள் வாழ்க்கையைப் பிரித்ததில்லை. ஒருவருக்கு வீடு எல்லைக்கு இப்பால். பெண் கொடுத்த வீடு எல்லைக்கு அப்பால். கண்டமங்கலத்தில் ஒரு ஜனாஸா என்றால் திருவாண்டார்கோயில்காரர் எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை. தோள் கொடுக்க ஓடுகிறார். எல்லை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது வரி கட்டுவதற்கும், வாக்களிப்பதற்கும், அரசு அலுவலகத்தில் மனுக் கொடுப்பதற்கும் உரியது என்பதும் தெரியும். உறவுக்கு அது உரியதன்று.

நாட்டின் வரைபடத்தில் இட்ட கோட்டை இவ்வளவு அழகாகக் கையாளத் தெரிந்த நாம், மார்க்கச் சட்டங்களின் நுணுக்கங்களில் அறிஞர் பெருமக்கள் இட்டுச் சென்ற கோடுகளை மட்டும் ஏன் மதில்களாக எழுப்பிக் கொள்கிறோம்? ஆமீனை உரக்கச் சொல்வதா, மெல்லச் சொல்வதா? தராவீஹ் எட்டா, இருபதா? அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பதா, நீட்டி வைப்பதா? பெருநாள் இன்றா, நாளையா? இந்தக் கேள்விகளில் கருத்து வேறுபடுவது குற்றமில்லை. வேறுபட்டவரோடு சலாமை நிறுத்திக் கொள்வதுதான் குற்றம். இதைப்பற்றி எங்கள் வட்டாரத்திலும் எங்கள் வீட்டிலும் நான் கண்டறிந்தவற்றை வாசகப் பெருமக்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

ஒரே ஆட்சி, இரண்டு பெருநாள்

புதுச்சேரி ஒன்றியத்து ஆட்சிப்பகுதி ஒரே இடத்தில் அமைந்ததன்று. காரைக்கால் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், நாகூருக்கு அருகில் இருக்கிறது. மாஹே மேற்குக் கடற்கரையில், கேரளத்தின் தலச்சேரியை அடுத்திருக்கிறது. ஏனாம் ஆந்திரத்தில், காக்கிநாடாவுக்கு அருகில், கோதாவரிக் கரையில் இருக்கிறது. நான்கிற்கும் அரசு ஒன்றே. ஆனால், பிறை ஒன்றன்று. புதுச்சேரியும் காரைக்காலும் பெரும்பாலும் சென்னையிலிருந்து வரும் தலைமை காஜியின் அறிவிப்பை எதிர்நோக்கியிருக்கும். மாஹே மக்கள் தம்மைச் சூழ்ந்திருக்கும் மலையாள நாட்டின் காஜிகள் சொல்வதைக் கேட்பார்கள்.

2024ஆம் ஆண்டில், அதாவது ஹிஜ்ரி 1445இல், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மார்ச் 12 அன்றே முதல் நோன்பு தொடங்கியது. முடிவில் மட்டும் வேறுபாடு வந்தது. ஏப்ரல் 9 மாலையில் கேரளத்தில் பிறை கண்டதாக அறிவித்தார்கள். அங்கே ஏப்ரல் 10, புதன்கிழமை பெருநாள். தமிழ்நாட்டில் நோன்பு முப்பதையும் நிறைவு செய்து ஏப்ரல் 11, வியாழக்கிழமை பெருநாள்.

இதில் யாரேனும் பொய் சொன்னார்களா? இல்லை. வானநூல் அறிந்தவர்கள் சொல்லும் கணக்கைப் பார்ப்போம். சந்திர மாதத்தின் சராசரி அளவு 29 நாள், 12 மணி, 44 நிமிடம். ஆகவே ஒரு மாதம் 29இல் முடிவதும் 30இல் முடிவதும் இயல்பு. அந்த ஏப்ரல் 8ஆம் நாள் நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்புதான் நம் நாட்டு நேரப்படி அமாவாசை நிகழ்ந்தது. அதே வேளையில்தான் அமெரிக்கக் கண்டத்தில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. மறுநாள் மாலை சூரியன் மறைந்தபோது பிறைக்கு வயது பத்தொன்பது மணி நேரம்கூட ஆகவில்லை. மயிரிழை போன்ற அந்தப் பிறையைக் காண்பதற்குத் தெளிந்த வானமும் கூர்ந்த பார்வையும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தீர்க்க ரேகை ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வேறுபடும். புதுச்சேரிக்கும் மாஹேக்கும் இடையே நான்கு பாகைக்குச் சற்று அதிகம். ஆகவே அங்கே சூரியன் ஏறக்குறைய 17 நிமிடம் தாமதித்தே மறைகிறது. அந்தப் பதினேழு நிமிடத்தில் பிறைக்கும் சூரியனுக்கும் இடையிலான விலகல் இன்னும் சற்றுக் கூடுகிறது. மேற்கே செல்லச் செல்லப் பிறை தெரியும் வாய்ப்பு மிகுவது இதனால்தான். கேரளத்தில் மேகத்துக்கு இடையே பிறை தெரிந்ததும், நமக்கு அது தெரியாமல் போனதும் அல்லாஹ்வின் படைப்பில் அமைந்த ஒழுங்குக்கு மாறானவை அல்ல.

எங்கள் வீட்டுக்குள் வந்த பிறை

என் மூத்த மகன் புதுச்சேரி அரசுப் பணியில் இருப்பவன். இந்த அரசில் பணியாற்றுவோர் காரைக்கால், மாஹே, ஏனாம் என்று மாற்றப்படுவது வழக்கம். அந்த ஆண்டு அவன் குடும்பத்தோடு மாஹேயில் இருந்தான். ஏப்ரல் 10 காலையில் அவனுடைய சிறுமகள் தொலைபேசியில் அழைத்து, “நன்னா! எங்களுக்குப் பெருநாள். உங்களுக்கு இன்னும் நோன்பா?” என்று வியந்து கேட்டாள். “ஆமாம் கண்ணே! உனக்கு இன்று, எங்களுக்கு நாளை. உனக்கு இரண்டு பெருநாள் காசு” என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். இரவுப் பயணமாகப் புறப்பட்டு மறுநாள் காலை அவர்கள் வந்து சேர்ந்தபோது எங்கள் பெருநாள் காத்திருந்தது.

அதே ஏப்ரல் 10 காலையில் வீட்டுக்குள் வேறொன்றும் நடந்தது. இளைய மகன் இங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். மார்க்க நூல்களை ஆர்வத்தோடு படிப்பவன். உலகில் ஓரிடத்தில் பிறை கண்டது உறுதியானால் அது எல்லோருக்கும் பொருந்தும் என்பது அவன் கொண்ட கருத்து. “அத்தா, கேரளத்தில் பிறை கண்டாகிவிட்டது. இன்று எனக்கு நோன்பு இல்லை. பெருநாளன்று நோன்பு நோற்பது கூடாதல்லவா?” என்றான். நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: “உன் ஆதாரம் உன்னோடு இருக்கட்டும். உன் அம்மா நோன்பாளி. அவள் எதிரில் உண்ணாதே. இதை வாசலில் நின்று விவாதமாக்காதே.”

அவன் அப்படியே நடந்து கொண்டான். தன் நண்பர்களோடு சென்று தொழுதுவிட்டு வந்தான். வீட்டில் ஒரு மிடறு தண்ணீரும் எங்கள் கண்ணெதிரில் பருகவில்லை. மறுநாள் நாங்கள் திடலுக்குச் சென்றபோது அவனும் உடன் வந்து பாய் விரித்தான். தொழுகை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னதாக வந்து முஸாபஹா செய்தான்.

ஆயினும் செய்தி பரவிவிட்டது. என் மனத்தில் அன்று தைத்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மூத்தவனும் புதன்கிழமைதான் பெருநாள் கொண்டாடினான். இளையவனும் புதன்கிழமைதான் கொண்டாடினான். மூத்தவனை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. இளையவனை மட்டும் எல்லோரும் கடிந்தார்கள். நாள் ஒன்றே, பிறையும் ஒன்றே. பின் எதற்காகக் கோபம்?

ஆழ்ந்து பார்த்தால் இதில் இரு தரப்பாருக்கும் ஒவ்வொரு பாடம் இருக்கிறது. மூத்தவன் தான் வாழும் ஊர் மக்களோடு சேர்ந்து நின்றான். இளையவன் தன் ஊர் மக்களை விட்டுத் தனித்து நின்றான். ஊரார் மனம் புண்பட்டது தேதியால் அன்று, தனித்ததால். இது இளைஞர்கள் உணர வேண்டிய பாடம். அதேவேளை, மூத்தவனின் புதன்கிழமைப் பெருநாள் மார்க்கத்துக்கு உட்பட்டது என்றால், இளையவனின் புதன்கிழமைப் பெருநாள் மார்க்கத்தை விட்டு வெளியேற்றும் பாவமாக எப்படி ஆகும்? இது பெரியவர்கள் உணர வேண்டிய பாடம்.

இமாம் கேட்ட ஒரு கேள்வி

அப்போது இளையவனுக்குத் திருமணம் பேசி முடித்திருந்தோம். ஷவ்வால் மாதத்திலேயே நிக்காஹ். பெண் காரைக்கால் பக்கத்து ஷாஃபிஈ குடும்பத்தைச் சேர்ந்தவள், நாங்கள் ஹனஃபிகள். பெண்ணின் ஊருக்கு மாப்பிள்ளையின் ஜமாஅத்திலிருந்து கடிதம் கொடுப்பது வழக்கம் அல்லவா? நாங்கள் சார்ந்திருக்கும் ஜமாஅத்தின் பெரியவர்களில் சிலர், “ஊரோடு பெருநாள் கொண்டாடாத பையனுக்கு ஊரின் கடிதம் எதற்கு?” என்று பேசத் தொடங்கினார்கள். பெண்ணின் தகப்பனாருக்கும் செய்தி எட்டி, “நானா, என்னென்னவோ கேள்விப்படுகிறோமே!” என்று கவலையோடு கேட்டார். பேசி முடித்த ஒரு திருமணமே நின்றுவிடும் நிலை. என் மனைவி அந்த நாட்களில் சரியாக உறங்கவில்லை.

எங்கள் பள்ளியின் இமாம் ஹஜ்ரத் அவர்கள் இதைக் கேள்விப்பட்டு, அஸருக்குப் பின் இளையவனை அருகில் அமர்த்திக் கொண்டார்கள். பிறையைப்பற்றி அவனிடம் ஒன்றும் விவாதிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

“தம்பி, என் பின்னால் நின்று தொழுகிறீர்களா?”

“ஐந்து வேளையும் தொழுகிறேன் ஹஜ்ரத். வேலை நேரத்தில் மட்டும் தொழிற்சாலையிலேயே தொழுதுகொள்கிறேன்.”

ஹஜ்ரத் அவர்கள் பெரியவர்கள் பக்கம் திரும்பி, “என் பின்னால் நின்று தொழுகிறவர் இந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவர் இல்லையென்றால் வேறு யார்தான் இந்த ஜமாஅத்?” என்று கேட்டார்கள். எவரும் மறுமொழி சொல்லவில்லை. அன்று மாலையே கடிதம் எழுதப்பட்டது. சில நாட்களில் நிக்காஹும் இனிதே நடந்தது. அல்ஹம்து லில்லாஹ்!

அந்தக் கேள்வியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கருத்து வேறுபாட்டுக்கும் பிளவுக்கும் இடையே எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பதை அந்த ஒரு கேள்வி காட்டிவிட்டது. வரிசையில் நிற்கிறவரை அது வேறுபாடு. வரிசையை விட்டு விலகினாலோ, விலக்கினாலோ அது பிளவு.

முன்னோர் காட்டிய வழி

ஹஜ்ரத் அவர்கள் கேட்டது புதிய கேள்வியன்று. நம் முன்னோர் இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

பிறை விஷயத்தையே முதலில் எடுத்துக் கொள்வோம். குறைப் என்பவர் ஸிரியா நாட்டுக்குச் சென்றிருந்தபோது அங்கே வெள்ளிக்கிழமை இரவில் ரமளான் பிறை காணப்பட்டது. மாதக் கடைசியில் அவர் மதீனா திரும்பியபோது, அங்கே சனிக்கிழமை இரவில்தான் பிறை கண்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறினார்கள். ஸிரியாவில் முஆவியா (ரலி) அவர்கள் கண்டதை ஏற்கலாமே என்று குறைப் கேட்டதற்கு, தாங்கள் கண்ட பிறையின்படியே நோன்பை நிறைவு செய்வதாகவும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்களுக்கு அவ்வாறே கட்டளையிட்டிருப்பதாகவும் அவர்கள் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற செய்தி இது. மதீனாக்காரர்கள் ஸிரியாக்காரர்களைப் பழிக்கவில்லை. ஸிரியாக்காரர்கள் மதீனாக்காரர்களைச் சபிக்கவும் இல்லை.

இதிலிருந்தே பிற்கால அறிஞர்களிடம் இரு கருத்துகள் வளர்ந்தன. ஓரிடத்துப் பிறை எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய நூல்களில் காணப்படும் கருத்து. பிறை உதிக்கும் தலங்கள் வேறுபடுவதால் தொலைவிலுள்ள ஊர்களுக்குத் தனித்தனிப் பிறை என்பது ஷாஃபிஈ மத்ஹபினரின் கருத்து. ஆக, என் இளைய மகன் சொன்னதும் பழைய கருத்தே. எங்கள் ஊர் நடைமுறைக்கும் பழைய ஆதாரம் உண்டு. ஹனஃபிகளாகிய நாங்கள் ஊர்ப் பிறையைப் பின்பற்ற, மத்ஹபைச் சாராத அவன் ஹனஃபி நூல்களில் உள்ளதைச் சொன்னான் என்பது சுவையான செய்தி!

இன்னும் ஒரு நுணுக்கம். ஒருவர் தம் கண்ணாலேயே ஷவ்வால் பிறையைக் கண்டு, அவருடைய சாட்சியம் ஏற்கப்படாமல் போனால் அவர் என்ன செய்வது? மக்களோடு சேர்ந்து நோன்பு நோற்க வேண்டும் என்கிறார்கள் ஹனஃபிகள். நோன்பை விட்டுவிடலாம், ஆனால் மறைவாக விட வேண்டும் என்கிறார்கள் ஷாஃபிஈகள். கண்ணால் கண்டவருக்கே இந்த அடக்கம் விதிக்கப்பட்டிருக்கிறது என்றால், செய்தியால் அறிந்தவருக்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்!

தொழுகையைப் பாருங்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ஹஜ்ஜின்போது மினாவில் இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழ வேண்டியதை நான்காகத் தொழுவித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. தம் கருத்தை மறைக்காமல் சொன்னார்கள். ஆனாலும், தாமும் அவர்களோடு நான்காகவே தொழுதார்கள். ஏனென்று கேட்டவர்களுக்கு, பிரிந்து நிற்பது தீமை என்ற பொருள்பட விடையளித்தார்கள். கருத்தையும் கைவிடவில்லை, கூட்டத்தையும் கைவிடவில்லை. இதைவிட அழகான நடுநிலை உண்டா?

ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் செய்தியும் நினைவுகூரத்தக்கது. உடலிலிருந்து இரத்தம் வெளிப்பட்டால் உளூ முறியும் என்பது அவர்களின் கருத்து. கலீஃபா ஹாரூன் ரஷீத் இரத்தம் குத்தி எடுத்துவிட்டு, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தீர்ப்பின்படி புதிதாக உளூச் செய்யாமலே தொழுவித்தார். அபூயூஸுஃப் அவர்கள் அவருக்குப் பின் நின்று தொழுதார்கள்; அத்தொழுகையைத் திருப்பித் தொழவும் இல்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பக்தாதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்துக்கு அருகே ஸுப்ஹு தொழுதபோது, தாம் வழக்கமாக ஓதும் குனூத்தை அங்கே ஓதாமல் விட்டார்கள் என்றும் அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மறைந்துவிட்ட ஓர் அறிஞரின் கருத்துக்கே அவ்வளவு மரியாதை! உயிரோடு நம் பக்கத்தில் நிற்பவரின் கருத்துக்கு நாம் என்ன மரியாதை தருகிறோம்?

நம் தமிழகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஹனஃபிகள் மிகுந்த வேலூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஃலா ஹழ்ரத் ஷா அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியைத் தோற்றுவித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த கேரளத்து ஆலிம்கள் ஏராளமானோர் அங்கே வந்து ஓதி, ‘பாகவி’ என்ற பட்டத்தோடு திரும்பினார்கள். ஒரே கூரையின் கீழ் இரு மத்ஹபினரும் ஓதியதால் எந்த மத்ஹபும் தேய்ந்து போகவில்லை.

அடுப்படியில் இரு மத்ஹபுகள்

பெரிய மதரஸாக்களில் மட்டும் நடப்பதன்று இது. எங்கள் வீட்டு அடுப்படியிலும் நடக்கிறது. மருமகள் ஷாஃபிஈ, கடற்கரை ஊரில் பிறந்தவள். கடல் உணவில் அவளுக்குக் கணவாய் மிகவும் விருப்பம். ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும், கணவாய் ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபில் அது ஆகும். வந்த புதிதில் அவள் அதைப்பற்றி வாய் திறக்கவே இல்லை. தாய்வீடு சென்றால் உண்பாள்; இங்கே அமைதியாக இருப்பாள்.

இதைப் புரிந்துகொண்ட என் மனைவி ஒருநாள் கடைக்குச் சென்று புதிதாக ஒரு சட்டி வாங்கி வந்தாள். “இது உன் சட்டி. உனக்கு ஆகுமானதை நீ இதில் ஆக்கிக்கொள். நாங்கள் உண்ணாவிட்டால் என்ன? எங்கள் மகனும் நீயும் உண்ணுங்கள்” என்றாள். மருமகள் கண் கலங்கிவிட்டாள். அன்று முதல் மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் செய்ய வேண்டியது எதுவும் அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று.

அஸர் நேரமும் அப்படியே. ஒரு பொருளின் நிழல் அதன் அளவை எட்டியதும் ஷாஃபிஈகளுக்கு அஸர் வந்துவிடும். இரு மடங்கானால்தான் ஹனஃபிகளுக்கு. மருமகள் முன்னதாகத் தொழுதுவிடுவாள். மாமியார் பின்னர்த் தொழுவாள். ஒரே தொழுகை விரிப்பு இருவருக்கும் போதுமானதாக இருக்கிறது. ஒருத்தி தொழும்போது மற்றவள் அடுப்பையும் பேரக் குழந்தையையும் பார்த்துக் கொள்கிறாள். மத்ஹபு வேறுபாடு ஒரு வீட்டுக்கு இப்படியும் பயன்படும் என்பதை அங்கேதான் கண்டேன்.

பிளவின் விலை

ஆனால், எல்லா இடத்திலும் நிலைமை இவ்வாறு இல்லை. கருத்து வேறுபாட்டின் பெயரால் ஊர்விலக்கம் செய்வது, நிக்காஹ் பதிவேட்டைத் தர மறுப்பது, மையித்தை அடக்க இடம் மறுப்பது, பள்ளிவாசல் சாவிக்காக நீதிமன்றப் படியேறுவது ஆகிய கொடுமைகளைக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நம் சமுதாயம் கண்டுவிட்டது. இலங்கையின் பேருவளையில் 2009 ஜூலையில், முஸ்லிம்களுக்குள்ளேயே இரு சாராருக்கிடையே எழுந்த மோதலில் உயிர்களே பறிபோயின. கொன்றவரும் கலிமாச் சொன்னவர். கொல்லப்பட்டவரும் கலிமாச் சொன்னவர். எந்த மஸ்அலா இந்த விலைக்குத் தகும்?

உலக அளவில் இந்த ஆபத்தை உணர்ந்த அறிஞர்கள் 2005 ஜூலையில் ஜோர்தானின் அம்மான் நகரில் கூடினார்கள். ஐம்பது நாடுகளைச் சேர்ந்த இருநூறு பேர் கூடிய அந்த மாநாட்டில் எட்டு மத்ஹபுகளை ஏற்று, அவற்றைப் பின்பற்றும் எவரையும் காஃபிர் என்று கூறலாகாது என்று ஒருமித்து அறிவித்தார்கள். பல நாட்டு மேதைகள் கூடி எடுத்த முடிவை நம் தெருமுனையில் நின்று கலைத்துவிடலாமா?

கலந்தாலோசனை என்பது மார்க்கம் நமக்குத் தந்த அருட்கொடை. உஹது போருக்கு முன் மதீனாவிலேயே தங்கி எதிர்கொள்வது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. இளைஞர்கள் பலர் வெளியே சென்று போரிட விரும்பினார்கள். அண்ணலார் அவர்களின் விருப்பத்துக்கு இசைந்தார்கள். போரில் பேரிழப்பு ஏற்பட்டது. அதன் பின்னரும், அவர்களை மன்னித்துவிடுமாறும் தொடர்ந்து அவர்களோடு கலந்தாலோசிக்குமாறும்தான் இறைவனின் கட்டளை வந்தது. தோல்விக்குப் பின்னும் ஆலோசனையின் கதவு அடைக்கப்படவில்லை.

எங்கள் வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று, இந்தியாவோடு இணைவதா என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். ஒரு நாட்டின் தலைவிதியையே எண்ணித் தீர்மானித்த அந்தக் கணக்கில் எதிர்த்த எட்டும் எழுதப்பட்டிருக்கிறது. நம் ஜமாஅத் கூட்டங்களில் மாறுபட்ட எட்டுப் பேரின் கருத்தைப் பொறுமையாகக் கேட்கிறோமா? கேட்டு ஏட்டில் எழுதுகிறோமா?

நாம் செய்யக் கூடியவை

குடும்பத் தலைவர்களும் தாய்மார்களும் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தனிப்பட்ட அமல் வேறு, பொது அமல் வேறு என்று பிரித்துப் பழகுவோம். விரலசைப்பதும் ஆமீன் சொல்வதும் அவரவர் தொழுகையைச் சேர்ந்தவை. அதில் குறுக்கிட வேண்டாம். பெருநாளும் ஜமாஅத்தும் ஊரைச் சேர்ந்தவை. அதில் தனிக்க வேண்டாம். 2025இல் சவூதியில் மார்ச் 30இல் பெருநாள். நம் நாட்டில் மார்ச் 31இல். என் இளைய மகன் தன் கருத்தை மாற்றிக் கொள்ளவில்லை. முப்பதாம் தேதி அவன் தன் அறையில் ஓசையின்றி நோன்பை விட்டான். முப்பத்தொன்றாம் தேதி எங்களோடு திடலில் நின்று தொழுதான். ஊரில் ஒருவரும் அதைப் பேசவில்லை.

இரண்டாவது, கருத்தைப் பேசுங்கள், ஆளைப் பேசாதீர்கள். ‘அந்தக் கருத்து பலவீனமானது’ என்பது கல்வி. ‘அவன் வழிகெட்டவன்’ என்பது புறம்.

மூன்றாவது, பிள்ளைகளின் காதில் விழும் சொற்களில் கவனம் வேண்டும். பெரியவர்களின் கோபம் ஓய்ந்த பின்னும் பிள்ளைகளின் மனத்தில் அது பகையாக முளைத்து நிற்கும். சாச்சா, மாமு வீட்டோடு பேச்சு நின்றால் இழப்பது பிள்ளைகளே.

நான்காவது, எந்த வேறுபாட்டிலும் அறுத்துவிடக் கூடாத நான்கு நூல்கள் இருக்கின்றன: சலாம், தொழுகை வரிசை, நோயாளியை நலம் விசாரித்தல், ஜனாஸா. இந்த நான்கும் அறாமல் இருக்கும்வரை மற்றவற்றை நாளைக்கும் பேசிக் கொள்ளலாம்.

ஐந்தாவது, ஜமாஅத் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். நிக்காஹ் கடிதமும் அடக்கத்தலமும் தண்டிப்பதற்குரிய கருவிகள் அல்ல. அவை அல்லாஹ் உங்களிடம் ஒப்படைத்த அமானிதங்கள். ஓர் இளைஞனின் கருத்து உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் அவனை அருகில் அழைத்து அமர்த்திக் கொள்ளுங்கள். வெளியே தள்ளினால் உங்கள் சொல்லைக் கேட்கும் தொலைவில் அவன் இருக்க மாட்டான்.

அல்லாஹ்வின் கயிற்றை எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து பற்றிக் கொள்ள வேண்டும் என்பது இறைமறையின் கட்டளை. கயிற்றைப் பற்றியிருக்கும் கைகள் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஒரே இடத்தில் பற்ற வேண்டும் என்றும் இல்லை. விட்டுவிடாமல் பற்றியிருந்தால் போதும்.

கருத்துகள் வேறுபட்டாலும் உள்ளங்கள் வேறுபடாத சமுதாயமாக வல்ல நாயன் நம்மை ஆக்கி வைப்பானாக! நம் பள்ளிவாசல்களின் வாயில்களை எல்லோருக்கும் திறந்தே வைப்பானாக! நம் வரிசைகளை நேராக்குவதுபோல் நம் இதயங்களையும் நேராக்குவானாக! ஆமீன்.